மலைப் பட்டறையில் மில்லிங் யந்திரம்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்கும், அத்தோட்டங்களின் சாதனங்களைப் பழுது பார்த்து ஜீவனம் நடத்தும் பட்டறைக்காரருக்கும், நல்ல லேத் ஒன்று இருந்துவிட்டால் பாதி வேலை நடந்துவிடும். மற்றப் பாதி மில்லிங் யந்திரம் இல்லாமல் நடவாது. உருண்டையானவற்றையெல்லாம் லேத் கடைந்து கொடுத்துவிடுமென்றாலும், காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்பரின் ஷாஃப்டில், சாவி உட்காரும் காடியான கீவே வெட்டுவதும், தேய்ந்து சாய்ந்த பேரிங் பீடத்தைச் சமதளமாக்குவதும், உடைந்துபோன வார்ப்புக்குப் பதிலாகச் செய்த துண்டில் துளைகளைச் சரியான இடைவெளியில் இடுவதும், அரத்தையும் உளியையும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பாடுபட்டாலும் திருப்தியாக முடியாத காரியங்கள். மில்லிங் யந்திரத்தில் அவை ஒரு மணி நேர வேலை.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில். அன்று முதல் இன்று வரை காப்பிக்காரனின் அவசரம் மட்டும் மாறவில்லை. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று குவித்து வைத்தால் குவியலிலேயே சூடேறிப் புளித்துவிடும். அத்தகைய நாளில் ஒரு ஷாஃப்டின் கீவே பிய்ந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கி, பட்டறையில் முறை வரும்வரை காத்திருந்து, மறுபடி மலை ஏறி வருவதற்குள் பழத்தின் கதி என்னவாகும் என்பதைத் தோட்டக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே மேலேயே ஒரு மில்லிங் யந்திரம் இருக்க வேண்டும் என்று விரும்புவது ஆடம்பரம் அல்ல. ஆனால் சமவெளியில் வைப்பதுபோல் மலையில் வைத்துவிட முடியாது. சரிவும் ஈரமும் இங்கே இரண்டு விரோதிகள், அவற்றுக்கு ஏற்றபடி வைக்காத யந்திரம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் இரண்டு மழைக் காலத்துக்குள் தன் நேர்த்தியை இழந்துவிடும் என்பதே இந்த அத்தியாயம் முழுவதிலும் நான் வற்புறுத்தப் போவது.

எந்த யந்திரம் வாங்குவது என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்து ஜோசஃப் பிரௌன் 1862இல் யூனிவர்சல் மில்லிங் யந்திரத்தை அமைத்தது, டிரில்லின் திருகு வாய்க்கால்களைக் கை அரத்தால் ராவிக்கொண்டிருந்த தொல்லையை ஒழிப்பதற்காகத்தான். அந்த வமிசத்தைச் சேர்ந்த படுக்கை ஸ்பிண்டில் யந்திரங்கள் இரண்டு மூன்று டன் எடையுள்ளவை, பல் சக்கரம் வெட்டும் பெரிய தொழிற்சாலைக்கு உரியவை. மலைப் பட்டறைக்கு ஏற்றது, முன்பின் நகரும் ராமும் திரும்பும் ஹெட்டும் கொண்ட டரெட் மில் என்னும் செங்குத்து யந்திரம். எடை ஒரு டன் அல்லது அதற்குச் சற்று மேல். தலையைத் தனியாகக் கழற்றலாம். எல்லாத் திசையிலும் சாய்க்கலாம். புதியதாக வாங்க வசதியில்லாதவர்கள் பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ கைமாறும் பழைய யந்திரத்தைத் தேடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. 1953இல் தோன்றிய எச்.எம்.டி.யும் 1961இல் தோன்றிய பாரத் ஃபிரிட்ஸ் வெர்னரும் பெங்களூரில் வார்த்த இரும்பு இன்னும் பல பட்டறைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. வர்ணத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மேஜையின் கைப்பிடியை இரு பக்கமும் மெல்ல அசைத்து, மேஜை நகராமல் கைப்பிடி மட்டும் எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று பாருங்கள்; அது கால் மில்லிமீட்டர் அளவுக்குள் இருந்தால், மேஜையை நகர்த்தும் லீட் ஸ்குரூவின் நட்டு நன்றாயிருக்கிறது, அரை மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம், அதற்கு மேலென்றால் நட்டு மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மேஜை நடுவில் இருக்கும்போது லேசாகவும் ஓரத்துக்குப் போகும்போது இறுக்கமாகவும் ஓடினால், நடுப்பகுதித் தடம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது நட்டு மாற்றித் தீருகிற வியாதி அல்ல.

இடமும் அஸ்திவாரமும்

இம்மலைமேல் உள்ள ஏற்காட்டில் சமமான மனை அபூர்வம். சரிவை மேல் பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப் பக்கம் கொட்டித் தட்டுச் செய்து, அந்தத் தட்டின்மேல் கட்டடம் எழுப்புவதே இங்கே வழக்கம். ஆகவே ஏறத்தாழ ஒவ்வொரு பட்டறையின் தரையிலும் பாதி பூர்விகமான கெட்டி மண்ணும் பாதி கொட்டி நிரப்பிய மண்ணும் இருக்கும். சுவருக்கும் கூரைக்கும் இந்த வேற்றுமை பெரிதாகப் படுவதில்லை. மில்லிங் யந்திரத்துக்குப் படும்: நிரப்பிய மண் பருவ மழையில் நனைந்து வருஷத்துக்கு வருஷம் சிறிது சிறிதாக அமுங்கும், அமுங்குவது ஒரே சீராகவும் இராது, ஒரு மூலை இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் நீங்கள் பாடுபட்டுப் பார்த்த மட்டம் அவ்வளவும் வீண். எனவே யந்திரம் நிற்க வேண்டிய இடம், வெட்டிய பக்கம். அதாவது மலைச்சுவரை ஒட்டிய உள்பக்கம். அங்கே வெளிச்சம் குறைவு என்று வாசல் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. வெளிச்சத்துக்கு ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், மண்ணுக்கு மாற்று இல்லை.

ஆனால் உள்பக்கத்துக்கும் ஒரு குற்றம் உண்டு. வெட்டிய மேட்டிலிருந்து நீர் கசியும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே இம்மலையில் பெய்வதால், ஆனி தொடங்கிக் கார்த்திகை முடியும் வரை மேட்டு மண் ஊறியே இருக்கும். சுவருக்கு வெளியே, மேட்டின் அடியோரமாக, தரை மட்டத்துக்கு ஒன்றரை அடி தாழ ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் ஜல்லி நிரப்பி, நீரைக் கட்டடத்தின் பக்கவாட்டில் வடியவிட வேண்டும். இதைச் செய்யாமல் அஸ்திவாரம் போடுவதைவிடப் போடாமலே இருக்கலாம். இன்னொன்று: காப்பிப் பழத்தைக் கழுவும் கொட்டகை பக்கத்தில் இருக்குமானால் பட்டறையை அதிலிருந்து விலக்கியே வையுங்கள். பல்பரிலிருந்து ஓடும் நீரும், புளிக்க வைத்த தொட்டியின் கழிவும் அமிலத் தன்மை உடையவை. அந்த ஈரம் தெறிக்கும் தூரத்தில் வைத்த சீவிய இரும்பு ஒரே பருவத்தில் சிவந்துவிடும்.

அஸ்திவாரத்தின் அளவை யந்திரத்தின் அடிப்பீடத்தைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். அடிப்பீடம் 60 செ.மீ. அகலமும் 100 செ.மீ. நீளமும் என்று வைத்துக்கொண்டால், நான்கு புறமும் 30 செ.மீ. கூட்டி, 120க்கு 160 செ.மீ. பரப்பும் 40 செ.மீ. ஆழமும் உள்ள குழி போதும். அதை நிரப்பும் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 1,800 கிலோ ஆகும். யந்திரத்தின் எடையைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாத பாரம் அடியில் இருக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு. குழி தோண்டும்போது கெட்டியான செம்மண்ணோ பாறையோ தட்டுப்படும் வரை போக வேண்டும். பாறை ஒரு மூலையில் மட்டும் தட்டுப்பட்டு மற்ற மூலைகள் மண்ணாகவே இருந்தால், அதை நல்ல சகுனம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு காலைக் கல்லிலும் மூன்று காலை மண்ணிலும் ஊன்றுவதைவிட மோசமான நிலை வேறில்லை. அந்தப் பாறையை ஒரு சாண் உடைத்தெடுத்து, குழி முழுவதற்கும் மணலும் ஜல்லியும் பரப்பித் திமிசு போட்டு இறுக்குவதே சரி.

குழியின் அடியில் கனத்த பாலித்தீன் விரிப்பை மடிப்பில்லாமல் பரப்பி, அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கலவையை ஒரே மூச்சில் போட வேண்டும்; காலையில் பாதி, மாலையில் பாதி என்று போட்டால் இரண்டு பாதியும் என்றும் ஒட்டா. அடிப்பீடத்தின் போல்ட் துளைகளுக்கு நேராக, பலகையால் செய்த பெட்டிகளை வைத்து, 10 செ.மீ. சதுரமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள பள்ளங்களை விட்டுவையுங்கள். போல்ட்டுகளை இப்போதே புதைத்துவிட்டால் என்ன என்று கொத்தனார் கேட்பார். புதைத்த போல்ட் அரை விரற்கடை தள்ளிப்போனாலும் யந்திரம் உட்காராது, பள்ளமாக விட்டால் அந்தச் சங்கடம் இல்லை. ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். ஏற்காட்டின் குளிரில் சிமெண்டு மெதுவாகவே இறுகும். ஆதலால் 28 நாள் கழியாமல் யந்திரத்தை ஏற்ற வேண்டாம். தையில் கான்கிரீட் போட்டு, பங்குனியில் யந்திரத்தைக் கொண்டுவந்தால், கார்த்திகையில் பழம் சிவக்கத் தொடங்குவதற்குள் எல்லாச் சோதனைகளையும் நிதானமாக முடித்துக்கொள்ளலாம்.

மலையேற்றம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். அஸ்தம்பட்டி வழியான இந்தப் பாதையைத் தவிரக் குப்பனூர் வழியாக இன்னொன்றும் உண்டு. எதில் சென்றாலும், டரெட் மில் என்பது தலை கனத்த யந்திரம் என்பதை மறக்கக் கூடாது. சமவெளியில் நின்றபடியே வந்துவிடும் பாரம், வளைவில் திரும்பும்போது தன் சொந்த எடையாலேயே கவிழ்ந்துவிடும். ஏற்றும் முன்பே மோட்டாரைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். ராமை முழுவதும் பின்னுக்கு இழுத்து, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி, மேஜைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து, ஏறி இறங்கும் தாங்கியை மெல்ல உயர்த்தி, ஹெட் அந்தக் கட்டையின்மேல் படுமாறு செய்து, எல்லாப் பூட்டுகளையும் இறுக்கிவிட்டால், பாரம் கீழே இறங்கி யந்திரம் ஸ்திரப்படும். அடிப்பீடத்தைக் கனத்த மரச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டுவதும், சட்டத்தை லாரியின் தளத்தில் நான்கு திசையிலும் சங்கிலியால் இழுத்துக் கட்டுவதும் அவசியம். கயிறோ சங்கிலியோ கைப்பிடிமேலும், லீட் ஸ்குரூமேலும், மேஜையின் ஓரத்திலும் படக் கூடாது. இருபது வளைவு இழுத்த இழுப்பில் வளைந்த லீட் ஸ்குரூவை நிமிர்த்துபவர் யாரும் இல்லை. மூடுபனி இறங்கும் மாலையை விட்டு, காலை வெளிச்சத்தில் ஏறுங்கள்.

இறக்குவதற்குக் கிரேன் கிடைத்தால் நல்லது. தோட்டத்துக்குள் போகும் குறுகிய பாதையில் கிரேன் வராது என்பதுதான் பெரும்பாலும் நிலைமை. அப்போது கனத்த குழாய்களால் முக்காலி நட்டு, இரண்டு டன் தாங்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, லாரி தளத்தைவிட ஒரு கை உயரமே தூக்கி, லாரியை அடியிலிருந்து விலக்கி, பிறகு இறக்கலாம். முக்காலியின் கால்கள் பரந்து போகாமல் மூன்றையும் அடியில் சங்கிலியால் பிணைப்பது கட்டாயம். சரிவில் நட்ட முக்காலி எப்போதும் பள்ளத்துப் பக்கம் நழுவவே பார்க்கும். தரையில் இறங்கிய பின் ஒன்றரை அங்குலக் குழாய் உருளைகளும் இரண்டு கடப்பாரையும் இருந்தால், நான்கு பேர் அதை வேண்டிய இடத்துக்கு உருட்டிவிடலாம். யந்திரத்தின் பள்ளத்துப் பக்கத்தில் மட்டும் ஒருவரும் நிற்கக் கூடாது. இதை ஒரு முறை சொன்னால் போதாது. வேலை மும்முரத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

துடைத்தலும் கோத்தலும்

யந்திரம் நின்றவுடன் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். புதிய யந்திரத்தில் துருவுக்குக் காப்பாகப் பூசிய தடித்த மசகும், பழைய யந்திரத்தில் பல வருஷத்து எண்ணெயும் இரும்புச் சீவலும் உலர்ந்து கலந்த சேறும் தடங்களில் படிந்திருக்கும். அதோடு மேஜையை ஓட்டுவது, தடத்தை மணலால் தேய்ப்பதற்குச் சமானம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு தடத்தையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, எண்ணெய் பூசிய பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும். துரு லேசாக இருந்தால் எண்ணெயில் தோய்த்த பித்தளைத் தகட்டின் விளிம்பால் சுரண்டி எடுக்கலாம். உப்புக் காகிதம் தடத்தின் கிட்டேயே வரலாகாது. அதன் பொடி வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் உட்கார்ந்துகொண்டு வருஷக் கணக்கில் தேய்க்கும்.

பழைய யந்திரமானால் மேஜையையும் அதைத் தாங்கும் சேடிலையும் கழற்றிப் பார்ப்பதே உத்தமம். சிரமம் அதிகமில்லை: ஓரத்துப் பிராக்கெட்டைக் கழற்றி, லீட் ஸ்குரூவைச் சுற்றி வெளியே எடுத்து, ஜிப்பை உருவினால் மேஜை தடத்தில் வழுக்கி வந்துவிடும், அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேரோ செயின் பிளாக்கோ இருக்க வேண்டும். அப்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது எண்ணெய் வழிகள். மெல்லிய செப்புக் குழாய்கள் வழியாகப் பம்பு எண்ணெயைத் தடங்களுக்கு அனுப்புகிறது. அவற்றில் ஒன்று அடைத்திருந்தாலும், பம்பை எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தடத்துக்கு ஒரு சொட்டும் போகாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. பழைய யந்திரங்களைக் கெடுத்தது வேலையல்ல, அடைத்த குழாயே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஒவ்வொரு குழாயையும் கழற்றி மண்ணெண்ணெய் செலுத்தி, மறுமுனையில் அது சொட்டுவதைக் கண்ணால் கண்ட பின்பே பூட்டுங்கள்.

திரும்பக் கோக்கும்போது ஜிப்பை இறுக்கும் விதத்தில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த அந்த இரும்புப் பட்டையை, மேஜை நகர மறுக்கும் வரை திருகி உள்ளே தள்ளி, பிறகு கைப்பிடியின் கனம் சீராகத் தெரியும் வரை சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். 0.03 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழையாமல், கைப்பிடி ஒரு கையால் சுலபமாகச் சுற்றினால் அதுவே சரியான இறுக்கம். தேய்ந்த யந்திரத்தில் இந்த இறுக்கத்தை மேஜையின் ஓரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நடுவில் வைத்து அல்ல. நடுவில் சரியாக இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும்.

மட்டம் பார்த்தல்

அடிப்பீடத்தின் நான்கு மூலையிலும் எஃகு ஆப்புகளோ மட்டத் திருகுகளோ வைத்து யந்திரத்தை அஸ்திவாரத்தைவிட ஒன்றரை அங்குலம் உயர்த்தி நிறுத்துங்கள். கொத்தனாரின் ரசமட்டம் இங்கே உதவாது. ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. வித்தியாசத்தையும் காட்டும் துல்லிய ரசமட்டம் வேண்டும். விலை அதிகம், ஆனால் சேலத்திலோ கோயம்புத்தூரிலோ தெரிந்த பட்டறையில் இரண்டு நாளைக்கு இரவல் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மேஜையை எல்லாத் திசையிலும் நடுவில் நிறுத்தி, நீளவாட்டில் ஒரு முறையும் குறுக்குவாட்டில் ஒரு முறையும் குமிழைப் பாருங்கள். ரசமட்டத்தையே முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடியும் பாருங்கள், ஏனெனில் மட்டத்துக்கும் பிழை உண்டு. மீட்டருக்கு 0.04 மி.மீ.க்குள் வந்துவிட்டால் போதும். பிறகு போல்ட்டுகளைப் பள்ளங்களில் தொங்கவிட்டு, ஒரு பங்கு சிமெண்டும் இரண்டு பங்கு மணலும் கலந்த சாந்தைக் குத்திக் குத்தி நிரப்பி, ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். போல்ட்டை இறுக்கும்போது எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒவ்வோர் இறுக்கலுக்கும் குமிழைப் பார்க்க வேண்டும். குமிழ் நகர்கிறதென்றால் போல்ட் யந்திரத்தையே முறுக்குகிறது என்று பொருள்.

இதற்கு அடுத்தது, ஸ்பிண்டில் மேஜைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்ற சோதனை. மலையேற்றத்தின்போது ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பினோம் அல்லவா? அது தானாகப் பழைய இடத்துக்கு வந்திருக்கும் என்று நம்புவதற்கு இல்லை. ஹெட்டில் வெட்டியுள்ள டிகிரிக் கோடுகள் உத்தேசமானவையே. ஸ்பிண்டிலில் ஒரு கம்பியைப் பிடித்து, அதன் முனையில் டயல் கேஜை மாட்டி, 300 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் மேஜைமேல் அது சுற்றி வருமாறு செய்யுங்கள். மேஜையின் டி-காடிகளில் கேஜின் முனை விழுந்து எழாமல் இருக்க, இரு பக்கமும் சாணை பிடித்த தட்டையோ, பெரிய பேரிங்கின் வெளிவளையத்தையோ அடியில் வைத்துக்கொள்ளலாம். ஏறி இறங்கும் தாங்கியைப் பூட்டிய பிறகே முள்ளைப் படிக்க வேண்டும், பூட்டாமல் படித்த எண்ணுக்கு மதிப்பில்லை. முன்னுக்கும் பின்னுக்கும், வலத்துக்கும் இடத்துக்கும் முள்ளின் வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் வரும் வரை ஹெட்டின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தித் திருத்திக்கொண்டே போக வேண்டும். முன்பின் சாய்வைத் திருத்தினால் பக்கச் சாய்வு சிறிது கெடும். அதைத் திருத்தினால் இது கெடும். கடைசியாக போல்ட்டை இறுக்கும்போது இரண்டும் கொஞ்சம் கெடும். இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். அந்த வித்தியாசம் 0.1 மி.மீ. இருக்கும்படி விட்டுவிட்டால், 50 மி.மீ. கட்டரின் ஒரு விளிம்பு மற்ற விளிம்பைவிட 0.017 மி.மீ. ஆழமாகச் சீவும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படிக்கட்டு விழும், விரல் நகத்தை ஓட்டினாலே தடுக்கும்.

வைஸை மேஜையில் பூட்டும்போதும் இதே டயல் கேஜை அதன் அசையாத தாடையின்மேல் ஓட்டி, முழு நீளத்துக்கும் 0.01 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

மின்சாரம்

மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும் பட்டறையில் அதிகம் சொல்வதற்கில்லை: 415 வோல்ட், அதிகப் பாரத்தில் தானே அறுந்துகொள்ளும் ரிலேயும், மின்சாரம் நின்று மறுபடி வந்தால் தானாக ஓடிவிடாதபடி தடுக்கும் காயிலும் உள்ள ஸ்டார்ட்டர், இரண்டு எர்த். மின்சாரம் அடிக்கடி போய் வரும் மலையில் அந்தக் காயில் உங்கள் விரல்களுக்குக் காவல். ஸ்பிண்டில் எதிர்ப்புறமாகச் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பு மட்டுமே உள்ளவர்கள் வி.எஃப்.டி. என்ற கருவியைக் கொண்டு ஒரு ஃபேஸிலிருந்து மூன்று ஃபேஸ் உண்டாக்கிக்கொள்ளலாம். இரண்டு குதிரைச் சக்தி வரையிலான மோட்டார்கள் நம் நாட்டில் பெரும்பாலும் ஸ்டார் முறையில் கட்டப்பட்டிருக்கும், அவற்றை டெல்டாவாக மாற்றிக் கட்டினால் 230 வோல்ட்டில் முழுச் சக்தியோடு ஓடும். லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.

எர்த்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இம்மலையின் உச்சிகளில் பாக்ஸைட்டும் அதன் அடியில் கருங்கடினப் பாறையும் உள்ளன. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இங்கிருந்தும் பாக்ஸைட் வெட்டிக்கொண்டு போனார்கள். கல்லான தரையில் எர்த் குழாயை ஆழமாக இறக்குவது கடினம், இறக்கினாலும் வறண்ட காலத்தில் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. கரியும் உப்பும் போட்டுக் குழியைப் பெரிதாக்கி, மாசி முதல் சித்திரை வரை வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் கோடை இடி இறங்கும். பட்டறையை விட்டுப் போகும்போதெல்லாம் யந்திரத்தின் மெயின் ஸ்விட்சைத் தள்ளிவிட்டுப் போவதே பாதுகாப்பு.

முதல் வெட்டும் ஈரமும்

மிகக் குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் வெறுமனே ஓடவிட்டு, ஸ்பிண்டிலின் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கோளாறு. பிறகு வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, மறுநாள் முதல் வெட்டை வெட்டலாம். ஹை-ஸ்பீடு எஃகுக் கட்டருக்கு மைல்டு ஸ்டீலில் நிமிஷத்துக்கு 25 மீட்டர் வேகம் நல்லது, 20 மி.மீ. எண்ட் மில்லுக்கு அது ஏறத்தாழ 400 சுற்று. கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகவே மேஜையை ஓட்டுங்கள். அதே திசையில் ஓட்டினால் மெருகு நன்றாக வரும் என்பது உண்மைதான். ஆனால் நட்டில் ஆட்டம் உள்ள யந்திரத்தில் கட்டர் வேலைத் துண்டைத் திடீரென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு உடையும்.

பழகுவதற்கு ஏற்ற வேலை, மலையில் எல்லோருக்கும் வேண்டிய கீவேயே. 22 மி.மீ.க்கு மேல் 30 மி.மீ. வரை விட்டமுள்ள ஷாஃப்டுக்கு 8 மி.மீ. அகலமும் ஷாஃப்டில் 4 மி.மீ. ஆழமும், 30க்கு மேல் 38 வரை 10 மி.மீ. அகலமும் 5 மி.மீ. ஆழமும். ஒரே தடவையில் முழு ஆழமும் வெட்டாமல் அரை அரை மில்லிமீட்டராக இறங்குங்கள். இல்லாவிட்டால் சிறிய எண்ட் மில் நெளிந்து கொடுக்கும், கீவே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பொருத்தும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிச் சீவலைச் சீவுவது நல்ல பழக்கம்.

இனி, ஈரம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் இரும்பு நன்றாகக் குளிர்ந்துவிடுகிறது. காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே நுழையும் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த இரும்பின்மேல் வியர்வையாகப் படிகிறது. பிளாஸ்டிக் போர்வை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். கெட்டிக் காடாத் துணியால் மூடி, அதன் அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பைக் கூண்டுக்குள் வைத்து, துணியில் படாதபடி கட்டி, மழை நாட்களில் இரவு முழுவதும் எரியவிடுங்கள். இரும்பு காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக இருந்தாலே வியர்க்காது. இடி முழங்கும் இரவில் மட்டும் இந்த விளக்கையும் அணைத்துவிட வேண்டும். வெட்டும்போது ஊற்றும் கலவையில் ஒரு பங்கு எண்ணெய்க்கு இருபது பங்கு தண்ணீர் என்பதையும், அது வைஸின் அடியில் தேங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாலையில் வைஸைத் தூக்கி அதன் அடியைத் துடைக்காமல் வாரக் கணக்கில் விட்டால், அந்த இடத்தில் மேஜைமேல் வைஸின் உருவம் துருவால் அச்சாகிவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, மசகு எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு முறை தடவ ஆகும் நேரம் கால் மணி.

காலைக் குளிரில் அளந்து வெட்டியதை மத்தியானச் சூட்டில் பொருத்திப் பார்த்து, அளவு மாறிவிட்டதே என்று குழம்புபவர்களும் உண்டு. 300 மி.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு பத்து டிகிரி சூடேறினால் 0.03 மி.மீ.க்கு மேல் நீளும். வெயிலில் கிடந்த வார்ப்பையும் அலமாரியில் இருந்த மைக்ரோமீட்டரையும் உடனே சேர்த்து அளக்காமல், இரண்டையும் ஒரு மணி நேரம் மேஜைமேலேயே வைத்திருந்து அளந்தால் இந்தக் குழப்பம் வராது.

யந்திரம் வைத்த முதல் வருஷத்தில் இரண்டு முறை துல்லிய ரசமட்டத்தை மறுபடி இரவல் வாங்குங்கள்: ஒரு மாதம் ஓடிய பிறகு ஒரு முறை, வடகிழக்குப் பருவம் ஓய்ந்து மேட்டு மண் காய்ந்தபின், தை மாதத்தில் ஒரு முறை. இரண்டாவது சோதனையிலும் குமிழ் முன்பு நின்ற இடத்திலேயே நின்றால், அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.